சிவப்பு விளக்கில் திரும்பும் நாடு

அத்தான் எங்கேயாவது நிற்பதற்கு முன் கையை உயர்த்துவார். வலது கையை முழங்கையில் மடித்து, உள்ளங்கை முன்னே தெரிய, தோள் உயரத்துக்கு ஒருமுறை தூக்கிவிட்டு இறக்குவார். சைக்கிளில் போகும்போது செய்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நடந்து போகும்போதும் செய்வார். எங்கள் அடுக்குமாடியின் நீண்ட நடைவழியில் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டால் முதலில் கை உயரும், பிறகுதான் குனிவார். கடையில் மிளகாய்த்தூள் பைக்கட்டுக்கு முன்னால் நிற்க வேண்டுமென்றாலும் கை உயரும். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் எழுந்து வந்ததும் உண்டு. கேட்டால், "டென்மார்க்கிலை நிக்கப்போறன் எண்டு பின்னாலை வாறவனுக்குச் சொல்லாமல் நிக்கக்கூடாது பிள்ளை. சொல்லாமல் நிண்டா அவன் வந்து முதுகிலை ஏறுவான்" என்பார். "இஞ்சை உங்களுக்குப் பின்னாலை ஒரு காகம் குருவிகூட வரேல்லையே அத்தான்" என்பேன். "வராட்டிலும் காட்டிப் பழகவேணும். ஆள் வந்தாப் பிறகு பழக ஏலாது" என்பார்.

அவர் என் மூத்த அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றின் மனேஜராக இருந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரைச் சுற்றிவளைத்து ஆமி அள்ளிக்கொண்டு போன ஆண்களில் அவரும் ஒருவர். விட்டுவிட்டார்கள். ஆனால் விட்டவர்களைத் திரும்பப் பிடிப்பதும் அப்போது வழக்கமாக இருந்ததால், அக்காவே அவரைப் பிடரியில் பிடித்துத் தள்ளாத குறையாக விமானம் ஏற்றிவிட்டாள். கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் புகுந்து, ஜேர்மனியில் ஓர் அகதி விடுதி. அங்கே நம்பிக்கை அற்றுப்போனதும் ஒல்லாந்து என்று நாங்கள் சொல்லும் நெதர்லாந்து. அங்கும் சரிவராமல் டென்மார்க். கடைசியாக, எண்பத்து ஆறாம் ஆண்டு முடிகிற குளிரில், கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் குடியிருந்த எங்களிடம் வந்து சேர்ந்தார். அக்காவும் ஒரே மகளும் யாழ்ப்பாணத்தில். இங்கே அவருடைய அகதி வழக்கை ஏற்றுக்கொண்டால் அவர்கள் இருவரையும் கூப்பிடலாம். ஏற்றுக்கொள்ளாவிட்டால் முடியாது. அவர் சாப்பிட்டது, படுத்தெழும்பியது, பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூடி பொருத்தியது எல்லாம் அந்த ஒரு விசாரணைக்காகத்தான்.

ஐரோப்பா போய் வந்த ஆட்கள் கோபுரம் பார்த்தோம், பாலம் பார்த்தோம் என்று அளப்பார்கள். அத்தானுக்கு அதெல்லாம் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. அவர் கண்டது சைக்கிள். ஒரு நாடு மனிதர்களை எப்படி நடத்துகிறது என்பதை அங்கே சைக்கிள்காரன் எப்படிப் போகிறான் என்பதை வைத்துத்தான் அவர் அளந்தார். அதற்குக் காரணமும் இருந்தது. வேலை செய்ய அனுமதியில்லாத அகதிக்கு நாள் முழுவதும் வேறு என்ன இருக்கிறது? ஜேர்மனியில் சனங்கள் பழைய தளபாடங்களைத் தெருவோரம் தூக்கிப்போடும் நாட்களில் விடுதியிலிருந்த எங்கள் பெடியள் போய்ச் சைக்கிள் பொறுக்கி வருவார்களாம். ஒன்றின் சக்கரம், இன்னொன்றின் சங்கிலி என்று பூட்டி எடுப்பார்கள். "அந்த நாட்டிலை எனக்குச் சொந்தம் எண்டு இருந்தது உது ஒண்டுதான்" என்று அத்தான் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெக்ஸ்டேலிலிருந்து இவருடைய நண்பர்கள் குடும்பத்தோடு சாப்பிட வருவார்கள். இவர் என்பது என் கணவர். சோறு இறங்குமுன்னே அத்தானின் கதை தொடங்கிவிடும். ஜேர்மனியில் நடைபாதையிலேயே சைக்கிளுக்கு ஒரு துண்டு ஒதுக்கியிருக்கும். அதற்குள் தெரியாமல் கால் வைத்தால் கிழவிகள்கூட ஏசுவார்கள். டைனமோ லைட் எரியாவிட்டால் பொலிஸ்காரன் மறிப்பான். பள்ளிக்கூட முற்றத்தில் கோடு போட்டுச் சின்னப்பிள்ளைகளுக்குக் கைகாட்டப் பழக்குவார்கள். ஒல்லாந்தில் சைக்கிளுக்குத் தனி ரோட்டு, தனி விளக்கு. ஒரே பாதையில் போகவும் வரவும் செய்யலாம். அங்கே காருக்குள் இருப்பவன் கதவைப் பக்கத்துக் கையால் திறக்க மாட்டான், தூரத்துக் கையால் திறப்பான். அப்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். டென்மார்க்கில் சைக்கிள்பாதை ரோட்டை விட ஒரு கல் உயரம், நடைபாதையை விட ஒரு கல் தாழ்வு. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நடு ரோட்டில் வெட்டித் திரும்பக்கூடாது. நேரே கடந்து, அந்தப் பக்கம் நின்று, விளக்கு மாறியதும் போகவேண்டும். இடையில் பாரிஸ் நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தார். அங்கே சைக்கிள் என்பது பந்தயம் ஓடுகிறவர்களுக்கு மட்டுந்தானாம்.

"ஜேர்மன்காரன் சட்டத்துக்குப் பயந்து நிக்கிறான். ஒல்லாந்துக்காரன் தானும் சைக்கிள் ஓடுறவன் எண்டதாலை நிக்கிறான். டென்மார்க்காரன் நாலு பேர் பாப்பினம் எண்ட வெக்கத்திலை நிக்கிறான்" என்று முடிப்பார்.

"பிரெஞ்சுக்காரன், அண்ணை?" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

"அவன் நிக்கிறேல்லை."

எல்லோரும் சிரிப்பார்கள். என் பிள்ளைகளுக்கு அந்தக் கதை முழுவதும் மனப்பாடம். ஏழு வயது மகன் பக்கத்தில் இருந்து அடுத்த வரியை முந்திச் சொல்வான். நண்பர்கள் அவருக்கு 'ஒல்லாந்து' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தை எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று ஒருவர் சீண்டியபோது, "அங்கை சைக்கிளுக்குப் பாதை இல்லைத்தான். பாதை முழுக்கச் சைக்கிளாக இருக்கேக்கை அதுக்கு ஏன் பாதை?" என்றார். அதோடு கைகழுவ எழுந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் அவருடைய சைக்கிளின் முன்பாரில் மகளும் பின் கரியரில் அக்காவும் இருந்து போவார்கள். அது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பனி கரைந்த கையோடு அவர் எங்கள் கட்டிடத்துக் குப்பை அறையிலிருந்து ஒரு சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்தார். இவருக்கு மானம் போய்விட்டது. இவர் அப்போதுதான் பழைய கார் ஒன்று வாங்கி, வாசலில் நிற்பதை நாளுக்கு நாலு தரம் பலகணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காலம். "அண்ணை, இஞ்சை பெரிய ஆக்கள் சைக்கிள் ஓடுறேல்லை. லைசென்ஸ் பறிகொடுத்த குடிகாரன்தான் ஓடுவான். சனம் என்ன நினைக்கும்?" என்றார். சனம் நினைக்கத்தான் செய்தது. றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு நாங்கள் எல்லோரும் காரில் போக, அத்தான் வேட்டியை மடித்துக் கட்டி, கணுக்காலில் கிளிப் போட்டு, சைக்கிளில் வந்து சேர்ந்தார். பூசை முடிந்து தீபம் காட்டுகிற நேரம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கார்கள் நிறுத்துகிற இடத்தில் சைக்கிளைச் சாத்த ஒரு கம்பிகூட இல்லையென்று சுற்றிச்சுற்றித் தேடினார். பட்டுச்சேலைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்வானேன், வெட்கம் கொஞ்சம் கூடத்தான்.

ரொறன்ரோவை அவர் தன் நாடுகளின் வரிசையில் சேர்க்கவே இல்லை. ஆறு வரிசை வாகனம் ஓடும் ரோட்டு, ஓரத்தில் கழிவுநீர் மூடியின் கம்பிகள், அதற்குமேல் ஓடு என்றால் எப்படி ஓடுவது? ஹோண் அடிப்பார்கள், கண்ணாடியை இறக்கி ஏதோ கத்துவார்கள். இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்து எல்ஸ்மியர் வீதியின் நடைபாதை நல்ல அகலம், நடப்பதற்கு ஆள் இல்லை. "கனடாக்காரன் தனக்குத் தெரியாமலே ஒல்லாந்துப் பாதை ஒண்டு போட்டு வைச்சிருக்கிறான். அதிலை போகவும் வரவும் செய்யலாம்" என்று நடைபாதையிலேயே ஓடத் தொடங்கினார். வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கமோ, திரும்பி வரும்போதும் அதே பக்கம்.

ஒரே ஒரு விஷயந்தான் அவருக்குப் பிடிபடவில்லை. இங்கே சிவப்பு விளக்கு எரியும்போதும், நின்று பார்த்துவிட்டுக் கார்கள் வலப்பக்கம் திரும்பலாம். அவர் இருந்த ஒரு நாட்டிலும் அப்படி அவர் கண்டதில்லை. "சிவப்பெண்டா சிவப்பு. சிவப்பிலை என்ன கொஞ்சம் பச்சை?" என்று இவரோடு சண்டைக்கு நிற்பார். இவர் விளங்கப்படுத்துவார்: திரும்புகிறவன் இடப்பக்கத்திலிருந்து கார் வருகிறதா என்றுதான் பார்ப்பான், வலப்பக்கம் பார்க்க மாட்டான், அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் நடைபாதையால் வந்தால் அவனுக்கு நீங்கள் இல்லை, கவனம். "ஓம், ஓம், தெரியும்" என்பார் அத்தான். தெரிந்துதான் இருந்தது. தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிவதற்கு நாள் எடுக்கும். காலுக்கு இன்னும் ஒல்லாந்துதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறகு நடந்தது இது இல்லாமல் விளங்காது. ஜேர்மனியில் அவருடைய விடுதியில் இருந்த அகதிகள் ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. மட்டக்களப்புப் பெடியன் ஒருவன் பக்கத்து ஊரிலிருந்த சிநேகிதனைப் பார்க்க எல்லை தாண்டிச் சைக்கிளில் போயிருக்கிறான். வான் ஒன்று தட்டிவிட்டது. பிழை வான்காரன் மேல். அவன் இறங்கி நின்று பொலிசைக் கூப்பிட்டான், சட்டப்படி எல்லாம் நடந்தது. ஆனால் காலை ஒடித்துக்கொண்டு கிடந்த பெடியனிடம் வந்தவர்கள் முதலில் கேட்டது பேப்பர். எல்லை தாண்டியது எழுத்தில் ஏறியது. கொஞ்ச நாளில் அவனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததோ இல்லையோ யாருக்குத் தெரியும்? விடுதியில் இருந்தவர்கள் எல்லோரும் இருந்தது என்றே நம்பினார்கள். இந்தக் கதையை அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்வதில்லை. எனக்கு ஒருமுறைதான் சொன்னார். "விழாமல் இருக்கத்தான் பிள்ளை அந்தப் பாதையெல்லாம். விழுந்தாப் பிறகு பேப்பர் உள்ளவனுக்குத்தான் நாடு."

எண்பத்து ஏழாம் ஆண்டு, இலைகள் கொட்டத் தொடங்கிய ஒரு பின்னேரம். நான் வேலை முடிந்து, சாமான் பைகளோடு எல்ஸ்மியரில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிர்ப்பக்க நடைபாதையில் அத்தான் வருவது தெரிந்தது. நீலக் குளிர்ச்சட்டை, கரியரில் சாப்பாட்டுப் பெட்டி. அவருக்குக் கடக்கலாம் என்று விளக்கு. குறுக்குத் தெருவில் சிவப்புக்கு நின்ற வெள்ளைக் காரில் இருந்த பெண் இடப்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தான் வந்தது அவளுக்கு வலப்பக்கத்திலிருந்து. ரோட்டில் இடைவெளி கிடைத்ததும் அவள் காரை எடுத்தாள். நான் கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? அத்தான் காரின் முன்மூடியில் விழுந்து, மறுபக்கம் உருண்டு, தலை நடைபாதைக் கல்லில் படுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

பைகளைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது அவர் எழுந்து நின்றுவிட்டார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. விழுந்தவர் அவர், அந்தப் பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டு "சொறி, சொறி, மை மிஸ்ரேக்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். அவள் வயதானவள், நல்லவள். அழுதுகொண்டு, பக்கத்துப் பெற்றோல் நிலையத்திலிருந்து அம்புலன்சுக்கும் பொலிசுக்கும் சொல்கிறேன் என்றாள். பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தானின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கார் இடித்தபோதுகூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

"நோ பொலிஸ். ஐ ஆம் ஓகே. யூ கோ, பிளீஸ், யூ கோ" என்று அவளுடைய காரின் கதவைத் தானே திறந்து பிடித்தார்.

"அத்தான், தலை அடிபட்டிருக்கு. நில்லுங்கோ, அம்புலன்ஸ் வரட்டும்" என்றேன்.

"அம்புலன்ஸ் வந்தா பின்னாலை பொலிஸ் வரும். பேர் கேப்பினம், பேப்பர் கேப்பினம். கேஸ் கிடக்குதெல்லே பிள்ளை. விசாரணைக்கு முன்னம் பொலிசிலை என்ரை பேர் ஏறக்கூடாது."

"உங்களிலை பிழை இல்லையே!"

"பிழை ஆரிலை எண்டு பாக்கிறது பேப்பர் உள்ளவைக்கு" என்று சொல்லிக்கொண்டே நெளிந்த சக்கரத்தை முழங்காலுக்கு இடையில் வைத்து நிமிர்த்தினார். நான் அந்தப் பெண்ணைப் போகவேண்டாம் என்று மறித்தேன். அவர் என்னை ஏசினார், அக்காவின் மேல் ஆணை என்றார். அந்தப் பெண் ஒரு காகிதத் துண்டில் ஏதோ எழுதி நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. கடைசியில் அவள் போனாள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் நான் அழுதுகொண்டு போனேன். வீட்டில் தலையில் கைவைத்துப் பார்த்தேன். வீக்கம்தான், இரத்தம் இல்லை. இரத்தம் இல்லாததால் எல்லோரும் ஆறுதலடைந்தோம். வைத்தியரிடம் போவோம் என்று இவரும் நானும் கெஞ்சியும் அவர் அசையவில்லை. மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் அப்போது இந்திய ஆமியோடு சண்டை தொடங்கியிருந்தது. அக்காவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. தன் தலையைப் பற்றி நினைக்க அவருக்கு ஏது நேரம்?

குறை இருக்கிறதென்று முதலில் கண்டுபிடித்தது என் மகன். தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெக்ஸ்டேல்காரர்கள் வந்திருந்தார்கள். வழக்கம்போல அத்தானைக் கிளப்பிவிட்டார்கள். "டென்மார்க்கிலை கார்க் கதவை மற்றக் கையாலைதான் திறப்பினம்" என்றார் அத்தான். "அது ஒல்லாந்து, பெரியப்பா" என்றான் மகன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு ஜேர்மனியில் நிற்பதற்கு முன் கை உயர்த்துவார்கள் என்றார். மகன் என்னைப் பார்த்தான். ஒரே பாட்டைப் பாடும் ஒருவர் வரிகளை மாற்றிப் பாடியதுபோல இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று யாரோ சொல்லிச் சமாளித்தார்கள். ஆனால் அடுத்த கிழமையும் அப்படியே. அதற்கடுத்த கிழமை, யாரும் திருத்தவில்லை. தானாகவே பாதியில் நிறுத்தி, "எந்த நாடு அது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் போயே இராத நாடுகளைப் பற்றி என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கதை இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிடுவார்.

தொழிற்சாலையில் வேறு மூடிகளை வேறு போத்தல்களுக்குப் பொருத்தியதாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் வைத்தியரிடம் வரச் சம்மதித்தார். தலைக்குள் மெல்லமெல்லக் கசிந்த இரத்தம் மூளையை அழுத்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஒப்பறேஷன் செய்து எடுத்தார்கள். அழுத்திக் கெடுத்ததைத் திருப்பித் தர முடியவில்லை. அடிபட்டவுடன் கூட்டி வந்திருந்தால் என்று வைத்தியர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எங்கே, எப்போது அடிபட்டது, பொலிஸ் அறிக்கை உண்டா என்று எங்கள் வழக்கறிஞர் கேட்டார். இல்லை. இடித்த காரின் விபரம்? இல்லை. அம்புலன்ஸ், ஆஸ்பத்திரிப் பதிவு? ஒன்றும் இல்லை. அந்தப் பின்னேரம் ரொறன்ரோவில் ஒன்றுமே நடக்கவில்லை.

விசாரணை எண்பத்து ஒன்பதில் வந்தது. உண்மை பேசுகிறவரா என்று பார்க்க விசாரணை அதிகாரிகள் கேட்பது நாடுகளைத்தான். எந்த நாட்டுக்கு எப்போது போனீர்கள், அங்கிருந்து எங்கே, ஏன் அங்கே நிற்கவில்லை. வந்த புதிதில் அவர் கொடுத்த வாக்குமூலம் அவர்கள் கையில் இருந்தது. அப்போது அவர் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லியிருந்தார். இப்போது டென்மார்க்குக்கு முதலில் போனேன் என்றார். பிறகு ஒல்லாந்து என்றார். பிறகு ஜேர்மனிக்குப் போகவே இல்லை என்றார். வைத்தியரின் கடிதத்தை வழக்கறிஞர் காட்டினார். காயம் எப்போது, எப்படி ஏற்பட்டது என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், கண்டதைச் சொன்னேன். ஒரு குற்றமும் செய்யாதவர் ஏன் பொலிசுக்குச் சொல்லாமல் போனார் என்று மட்டும் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பதில் தெரியும். நான் சொன்னேன். நான் சொன்னது எனக்கே நம்பத்தகாததாகக் கேட்டது. கடைசியாக அத்தானிடம் இன்னொரு தரம் வரிசையாகச் சொல்லச் சொன்னபோது, அவர் வலது கையை மடித்து, உள்ளங்கை தெரிய உயர்த்தினார். பேச அனுமதி கேட்கிறார் என்று நினைத்து, "சொல்லுங்கள்" என்றார்கள். அவர் கையை இறக்கினார். அது நிற்கப்போகிறேன் என்ற கை என்று அந்த அறையில் எனக்கு மட்டுந்தான் தெரியும்.

வழக்கு நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு, அதற்குமேல் கருணை மனு என்று ஆண்டுகள் போயின. வெளியேற்றவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அக்காவும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜுக்கு வந்து காத்திருந்து, காத்திருந்து, பிறகு ஊருக்கே திரும்பிப் போனார்கள். அத்தான் எங்கள் வீட்டில், ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். சில நாட்களில் அக்காவின் பெயர் சரியாக வரும். சில நாட்களில் என் பெயரைச் சொல்லி அக்காவைக் கேட்பார். எங்களோடு ஐந்தாறு குளிர்காலம் கழிந்த பிறகு ஒரு மாசி மாதத்தில் இறந்தார். சடலத்தைப் பார்க்க அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, கொழும்புக்கு வந்தபோது தொலைபேசியில் அவள் என்னிடம் கேட்டாள்: "அந்த நாளிலையாவது பொலிசைக் கூப்பிட்டிருந்தா நாங்கள் வந்திருப்பமே, என்ன?" ஓம் என்று சொன்னாலும் அவளைக் கொல்லும், இல்லை என்று சொன்னாலும் கொல்லும். லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று சொன்னேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது ஸ்காபரோவில் சில ரோட்டுகளில் சைக்கிளுக்கென்று வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் ஓடும். சந்தி வருமுன் கோடு முடிந்துவிடும். ஆபத்து எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் இல்லை. கார்கள் இன்னும் சிவப்பில் திரும்புகின்றன. என் மகன் அடிக்கடி வேலை விஷயமாக ஒல்லாந்துக்குப் போய் வருகிறான். பெரியப்பா சொன்னதெல்லாம் உண்மை அம்மா, இம்மி பிசகில்லை என்று அங்கிருந்து அழைத்துச் சொன்னான். அதைச் சொல்லும்போது அவனுடைய குரல் உடைந்தது. அவ்வளவும் உண்மையாக இருந்து யாருக்கு என்ன பயன்?

போன ஐப்பசியில் நான் மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தபோது, வாசல் பக்கத்துச் சந்தியில் ஒரு சத்தம். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பெடியன், முதுகில் அந்தச் சதுரப் பை, ஊரை விட்டு வந்து அதிக நாள் இராது. எந்த ஊர்ப் பிள்ளையோ தெரியாது, எங்கள் நிறந்தான். திரும்பிய கார் ஒன்று அவனைத் தட்டி விழுத்தியிருந்தது. நான் போவதற்குள் அவன் எழுந்து நின்று, கையை அசைத்து, காரைப் போகச் சொல்லிவிட்டான். காரும் போய்விட்டது. அவன் காதுக்கு மேலே தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். என் முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ தெரியாது, ஓடிப்போய்ச் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தேன். போகாதே, பொலிசைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போ, தலையில் அடிபட்டால் இப்போது தெரியாது, எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் என்று எனக்கு வந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பொலிஸ் என்ற சொல்லுக்கு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

"அன்ரி, பிளீஸ். நோ பொலிஸ். என்னுடைய விசா இன்னும் வரவில்லை" என்றான் ஆங்கிலத்தில்.

பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டான். "சொறி" என்றான். சைக்கிளில் ஏறிப் போனான்.